வள்ளியூர்க் கிணற்றில் ஷேல் கேஸ் இருக்குமா?

அன்புள்ள அண்ணாச்சி,

வள்ளியூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றை வெடி வைத்து ஆழப்படுத்தினோம். கறுப்பாக, தட்டுத்தட்டாக, மினுமினுப்போடு கல் வந்தது. போட்டோவைப் பார்த்த என் மச்சான், ‘இது ஷேல், அமெரிக்காவில் இதில்தான் கேஸ் எடுக்கிறான்’ என்கிறார். எங்கே கொடுத்துச் சோதிக்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மச்சான் சொன்னதில் பாதி சரிதான். ஷேல் என்பது சேறு படிந்து இறுகிய களிப்பாறை. உங்கள் கல்லும் ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்துப் பாறையெல்லாம் பூமிக்கடியில் 700 டிகிரிக்கும் மேல் வெந்துவிட்டது. அந்த மினுமினுப்பு காக்காப்பொன். லென்ஸ் வைத்துப் பாருங்கள், மாதுளை முத்துபோல் சிவப்பு மணிகளும் பதிந்திருக்கலாம். அது கார்னெட். உவரிப் பக்கம் கடற்கரையில் மணல் சிவந்து கிடக்கிறதே, அதுவும் இதே சரக்குதான்.

கேஸ் தேடுகிறவர்கள் பாறையின் கனம், ஆழம் எல்லாம் பார்ப்பார்கள். முக்கியமானவை இரண்டு. செடியும் பாசியும் மக்கிய கரிமம் எடையில் 2 சதவீதமாவது இருக்கிறதா? அது எவ்வளவு வெந்திருக்கிறது? இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாறைக்குள் மாட்டிக்கொண்ட பழைய மரத்துணுக்கை மெருகேற்றி, அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். வேக வேகப் பளபளப்பு ஏறும். 1.3 சதவீதம் தாண்டினால் எண்ணெய்க் கட்டம் முடிந்து வெறும் கேஸ்.

அந்தப் பதத்துக்கு 200 டிகிரி பக்கம் போதும். நம்முடையது அடிப்பிடித்த பானை. கரிமம் மிஞ்சியிருந்தால் கிராஃபைட்டாகத்தான் இருக்கும். பென்சில் செய்யலாம், அடுப்பு எரிக்க முடியாது. 2013இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் இந்தியாவில் கணக்குப் பார்த்தது காம்பே, கிருஷ்ணா-கோதாவரி, காவிரி, தாமோதர் படுகைகளைத்தான். காவிரி டெல்டாவிலும், தமிழக அரசு 2020இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக ஷேல் கேஸ் தேட முடியாது.

சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சர்வே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். மச்சானுக்காக வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள்: புதிதாக உடைத்த முகத்தில் வாயால் ஊதி முகர்ந்து பாருங்கள். ஷேலில் ஈரக் களிமண் வாசனை அடிக்கும்.

அப்புறம், கிணற்றில் தண்ணீர் வந்ததா? அதை எழுதவே இல்லையே.