குழந்தை நல வழக்குகள்: நீதிபதிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதுமா?

"குழந்தை நல வழக்குகளைக் கையாளும் நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் முதலில் என்ன பயிற்சி தர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகள் சார்பில் வாதாடும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வி கேட்கக் கற்றுக்கொடுங்கள். சட்டப் பிரிவுகள் நீதிபதிகளுக்குத் தெரியும். ஏழு வயதுக் குழந்தையிடம் பேசத்தான் பலருக்கு வரவில்லை.

"அன்று நீ வீட்டில்தான் இருந்தாய், இல்லையா?" நீதிமன்றத்துக்குப் பழகிப்போன கேள்வி இது. பெரியவராக இருந்தால் மறுத்துப் பேசுவார். குழந்தையோ கேட்பவரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடும். அதையே மீண்டும் கேட்டால், முன்பு சொன்னது தப்பு போலும் என்று நினைத்துப் பதிலை மாற்றும். உடனே அது முரண்பட்ட சாட்சியம் ஆகிவிடுகிறது. எனக்கு ஆற்றாமை தரும் இடம் இதுதான்.

இதற்கு மாற்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் குழந்தை நலம், மனித மேம்பாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு நேர்காணல் முறையை வகுத்தார்கள். 'தெரியாது என்று சொல்லலாம், நான் தவறாகச் சொன்னால் திருத்தலாம்' என்று குழந்தைக்கு முதலிலேயே தெளிவாக்குகிறார்கள். வழக்கோடு தொடர்பில்லாத ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வைத்துப் பழக்குகிறார்கள். அதன்பிறகுதான் "நடந்ததை முதலிலிருந்து சொல்" என்பது வருகிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: பயிற்சி பெற்றவர்களின் நேர்காணல்களைப் பார்த்துக் குறை நிறை சொல்வது நின்றவுடன், அவர்களின் கேள்விகளின் தரமும் சரிந்தது. ஆகவே இரண்டு நாள் பயிலரங்கும் சான்றிதழும் போதாது. பதிவுகளைப் போட்டுப் பார்த்துப் பேசும் வழக்கம் ஆண்டு முழுவதும் தொடர வேண்டும்.

ஊழியர்களுக்கு வருகிறேன். குழந்தை முதலில் சந்திப்பது நீதிபதியை அல்ல. வராந்தாவில் உரக்கப் பெயர் கூப்பிடுபவர், எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுபவர், வாய்தா தேதி எழுதும் பெஞ்ச் கிளார்க் இவர்களைத்தான். தன்னை அடித்தவருக்கு எதிர் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த குழந்தை உள்ளே வந்து என்ன பேசும்? எனவே நீதிபதியையும் ஊழியர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பயிற்சி தர வேண்டும் என்பேன். மொழிபெயர்ப்பாளரையும் விட்டுவிடக் கூடாது. திறந்த கேள்வியை அவர் ஆமாம், இல்லை கேள்வியாக மாற்றிவிட்டால் எல்லாம் வீண். இக்கொடுமைகளை நாள்தோறும் கேட்டுத் தட்டச்சு செய்யும் சுருக்கெழுத்தரின் மனநலத்தையும் யாராவது கவனிக்க வேண்டும்.

வாய்தா பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதம் நமக்கு ஒரு தேதி. மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்ந்த காலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் குழந்தையை அரசுப் பராமரிப்பில் எடுக்கும் வழக்குகளை 26 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. ஐஸ்லாந்தில் 1998-இல் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' வன்கொடுமை வழக்குகளில் வேறு வழி கண்டது. குழந்தை பயிற்சி பெற்ற ஒருவரிடம் தனி அறையில் பேசுகிறது. நீதிபதியும் வழக்கறிஞர்களும் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள். அந்தப் பதிவு சாட்சியமாகிவிடுவதால் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும் துன்பம் குறைகிறது.

கடைசியாக, தீர்ப்பைக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் பயிற்சி. தன்னைப் பாதிக்கும் வழக்கில் தன் கருத்தைச் சொல்லும் வாய்ப்பை 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு குழந்தைக்கு உறுதிசெய்கிறது. கேட்டுவிட்டு வேறு விதமாக முடிவெடுத்தால், ஏன் என்று சொல்லும் கடமையும் நீதிபதிக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு நீதிபதியும் தாம் முன்பு எழுதிய தீர்ப்பு ஒன்றை எடுத்து, பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.