அமெரிக்க ராக் இசைக்குழு லிங்கின் பார்க் மறுபடி சேர்ந்த பிறகு ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது?

ஹட்டனில் எங்கள் கூட்டாளிகளுக்குள்ளும் இதே சண்டைதான், நுவரெலியா பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை ஓயாது. பெரிய காரணம் குரல்: 2017இல் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்தார், 2024இல் அவர் இடத்துக்கு எமிலி ஆம்ஸ்ட்ராங் வந்தார், எமிலியின் குரலுக்கு ஏற்ப மேடையில் சில பழைய பாட்டுகளின் சுருதியையே மாற்றி வாசிக்கிறார்கள், அப்போது கிட்டாரின் கனமும் மாறத்தானே செய்யும். அப்புறம் டிரம்ஸில் ராப் போர்டன் இல்லை, கொலின் பிரிட்டன் இருக்கிறார்.

ஆனால் பழைய சத்தம் போய்விட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். செஸ்டர் இருந்தபோதே 2007 ஆல்பத்தில் ராப் பாணிப் பாட்டைக் குறைத்தார்கள், 2017இல் வந்த ஆல்பம் கிட்டத்தட்ட பாப். அதோடு வைத்துப் பார்த்தால் 2024இல் வந்த ‘ஃப்ரம் ஜீரோ’ ஆல்பம்தான் ஆரம்பகாலக் கனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. செஸ்டரின் அலறலைக் கேட்டால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும், அது வேறு விஷயம்.