ரேஸில் கமிஷன் எத்தனை முறை பிடிக்கப்படுகிறது?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முப்பது ஆண்டுகள் கமிஷன் கடை நடத்திவிட்டு, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். பெங்களூருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது சீசன் நடந்தால் ரேஸ் கோர்ஸுக்குப் போவது வழக்கம். கையில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்வதில்லை. டோட்டில் (ரேஸ் கிளப்பே நடத்தும் பந்தயக் கவுன்டரில்) கமிஷன் 10 சதவீதமானாலும் 20 சதவீதமானாலும் ஜெயிக்கிற குதிரைதானே ஜெயிக்கப்போகிறது? பிறகு அந்த விகிதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனதில் எனக்கு உண்மையில் எவ்வளவு போகிறது? ஜாக்பாட் மட்டும் கட்டினால் போதும் என்கிறார் என் மைத்துனர். வரியே இல்லாமல் போனிலேயே புக்கிங் எடுத்துக்கொள்வதாக இன்னொருவர் சொல்கிறார். எதைக் கேட்பது? (திருமங்கலம் வாசகர்)

பதில்: எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கேட்டிருந்தால் கையை விரித்திருப்பேன், நான் கணக்குப் பார்ப்பவன், குதிரை பார்ப்பவன் அல்லன். நீங்கள் கேட்டிருப்பது கமிஷனைப் பற்றி என்பதால், உங்கள் தொழிலை வைத்தே பேசலாம்.

1860களில் பாரிஸில் ஜோசப் ஓலே என்பவர் வகுத்த டோட் முறையில், ஒரு ரேஸில் கட்டப்படும் பணம் முழுவதும் ஒரே பூலில், அதாவது பொதுத் தொகுப்பில், சேர்கிறது. நடத்துபவர் தமது பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த குதிரையின் மீது கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். வின் பூலில் (முதலில் வரும் குதிரைக்கான தொகுப்பில்) ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்து, அதில் 25,000 ரூபாய் ஒரு குதிரை மீது இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிடித்தமே இல்லையென்றால் ஒரு ரூபாய்க்கு 4 ரூபாய் கிடைக்கும். 10 சதவீதம் பிடித்தால் 3.60, 20 சதவீதம் பிடித்தால் 3.20. போட்ட ரூபாயைக் கழித்துவிட்டு லாபத்தை மட்டும் பாருங்கள்: 3 ரூபாய் லாபம் 2.20 ஆகிவிட்டது. அதாவது 20 சதவீதக் கமிஷன் லாபத்தில் 27 சதவீதத்தைத் தின்றுவிட்டது. பூலில் பாதிப் பணம் குவிந்த ஃபேவரிட் என்றால் ஒரு ரூபாய் லாபம் 60 காசாகிறது. முக்கால்வாசிப் பணம் குவிந்த குதிரை என்றால் 33 காசு லாபம் 7 காசுக்கும் கீழே இறங்கிவிடும். எல்லோரும் நம்பும் குதிரையில் கட்டுவது பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. டிவிடெண்டை, அதாவது ஜெயித்தவருக்கு ரூபாய்க்கு இவ்வளவு என்று தரும் தொகையை, கீழ்நோக்கி முழுமையாக்கும்போது உதிரும் காசுகளும் சிறு டிவிடெண்டைத்தான் அதிகம் கடிக்கும்.

ஆகவே ஜெயிக்கிற குதிரை ஜெயிக்கும் என்பது சரி. அது எத்தனை முறை ஜெயித்தால் உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பதுதான் மாறுகிறது. மேலே சொன்ன 3.20 ரூபாய் குதிரை மீது பூலில் கால்வாசிப் பணம் இருப்பதால், அதற்குக் கூட்டம் கொடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25. நீங்கள் நஷ்டப்படாமல் இருக்க அப்படிப்பட்ட குதிரைகள் நூற்றுக்கு 31 முறைக்கு மேல் ஜெயிக்க வேண்டும். கிண்டி ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததை ரேஸ் நண்பர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். திறமை இருக்கட்டும், டோட்டில் நீங்கள் மோதுவது மற்ற பந்தயக்காரர்களோடுதான் என்பதால், அவர்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது, கமிஷன் அளவுக்கும் மேலாகக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் கடைக்கு ஒரு விவசாயி கொண்டுவந்த மல்லிகைக்குக் கமிஷன் ஒரு முறைதான் பிடிப்பீர்கள். பூ விற்றுப் போனதும் கணக்கு முடிந்துவிடும். ரேஸில் அதே பணம் முதல் ரேஸில் ஒரு முறை, அதில் திரும்பி வந்தது இரண்டாவது ரேஸில் இன்னொரு முறை என்று அன்று மாலை வரை தராசில் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஏறும்போதெல்லாம் கமிஷன் பிடிக்கப்படுகிறது. நீங்கள் எடுத்துச் செல்லும் 10,000 ரூபாயையும், அதில் சராசரியாகத் திரும்பி வருவதையும் எட்டு ரேஸ்களில் தொடர்ந்து கட்டிக்கொண்டு போனால், 10 சதவீதக் கமிஷனில் நாள் முடிவில் சுமார் 4,300 ரூபாய் மிஞ்சும். 20 சதவீதத்தில் சுமார் 1,680 ரூபாய்தான். எந்த ஒரு நாளும் இந்தச் சராசரிப்படி நடக்காது, ஒரு நாள் அள்ளிக் கொடுக்கும், ஒரு நாள் வழித்துக்கொண்டு போகும். பல நாட்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு இந்தப் பக்கம்தான் சாயும். சீட்டுப் பிடிப்பவரின் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்த 2019-ல் சட்டத் திருத்தம் வந்தபோது நம்மூரில் எத்தனை முணுமுணுப்பு! சீட்டில் அது ஏலத்துக்கு ஒரு முறை. அதே மனிதர்கள் ரேஸ் கோர்ஸில் அரை மணிக்கு ஒரு முறை போவதைக் கேட்பதில்லை.

இதையே ரேஸ் நடத்துபவர் பக்கமிருந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஒருவர் 10,000 ரூபாயைத் தொலைக்கத் தயாராக வந்து, தீரும் வரை ஆடுகிறார் என்றால், 20 சதவீதத்தில் அவர் கட்டும் மொத்தப் பந்தயம் 50,000 ரூபாய், 10 சதவீதத்தில் ஒரு லட்சம் ரூபாய். கமிஷன் வருமானமோ இரண்டிலும் அதே 10,000. விகிதத்தை உயர்த்துவதால் அவர் சட்டைப்பையில் இல்லாத பணம் வந்துவிடாது, அவர் சீக்கிரம் வீடு திரும்புவார், அவ்வளவுதான். கூடுதல் நேரம் ஆட முடிந்தவர் மறுபடி வருவார். வெறுங்கையோடு போனவர் வேறு வழி தேடுவார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. பிரிட்டனில் பந்தயம் கட்டுபவரிடம் 9 சதவீதம் பிடிக்கப்பட்டுவந்த காலத்தில், பெரிய புக்கி (தாமே விலை சொல்லிப் பந்தயம் ஏற்பவர்) நிறுவனங்கள் தொலைபேசிப் பந்தயத்தை ஜிப்ரால்டர் போன்ற வரி குறைந்த இடங்களுக்கு நகர்த்தின. 2001 அக்டோபரில் அந்தப் பிடித்தத்தை நீக்கி, புக்கியின் மொத்த லாபத்தின் மீது 15 சதவீத வரி என்று மாற்றிய பிறகுதான் தொழில் திரும்பி வந்தது. ஹாங்காங்கில் 2006-ல் வரியைப் பந்தயத் தொகையிலிருந்து நடத்துபவரின் நிகர வருமானத்துக்கு மாற்றினார்கள். 10,000 ஹாங்காங் டாலருக்குக் குறையாத பந்தயம் தோற்றால் 10 சதவீதம் திருப்பித் தரவும் தொடங்கினார்கள். கள்ளப் புக்கிகளிடம் போய்க்கொண்டிருந்த பெரும்பணத்தை இழுப்பது நோக்கம். மாறாக, அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸ் ரேஸ் கோர்ஸ் 2014-ல் வின், பிளேஸ் (முதல் சில இடங்களில் வருவது) பிடித்தத்தை 16-லிருந்து 17.5 சதவீதமாகவும், பல குதிரைகளைச் சேர்த்துக் கட்டும் பந்தயங்களில் 19-லிருந்து 22 சதவீதமாகவும் உயர்த்தியபோது பந்தயக்காரர்கள் புறக்கணிப்பில் இறங்கினார்கள். அந்த சீசனில் பந்தயத் தொகை சரிந்தது.

விகிதத்தைக் குறைத்தால் வருமானம் தானாகக் கூடிவிடும் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள கேன்டர்பரி பார்க் ரேஸ் கோர்ஸ் 2016-ல் பிடித்தத்தை 15, 18 சதவீதங்களுக்கு இறக்கியது. பந்தயத் தொகை கூடியும், சில காலத்துக்குப் பின் பழைய வழிக்கே திரும்பியது. அங்கே வெளியூர்களிலிருந்து கட்டப்படும் பணத்தில் நடத்துபவருக்கு வருவது சிறு பங்குதான் என்பதால், கூடிய வியாபாரத்தின் பலன் பெரும்பாலும் பிறர் கைக்குப் போய்விடுகிறது.

இப்போது நம் நாட்டு ஜிஎஸ்டி. 2017 ஜூலையில் 28 சதவீதமாகத் தொடங்கியது. டோட்டில் கிளப்புக்கு உரியது கமிஷன் மட்டுமே என்பதால் வரியும் கமிஷன் மீது மட்டுமே இருக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் பந்தயத் தொகை முழுவதன் மீதும் வரி என்பதை உறுதிப்படுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் 40 சதவீதம். 40 என்ற எண்ணைவிட, அது எதன் மீது விழுகிறது என்பதே பெரிய விஷயம். 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி சேர்ந்து உங்கள் கையிலிருந்து 140 ரூபாய் போவதாகவும், கிளப் 20 சதவீதம் பிடிப்பதாகவும் வைத்தால், 140-க்குச் சராசரியாகத் திரும்புவது 80 ரூபாய், அதாவது நூற்றுக்கு 57. உண்மையான பிடித்தம் 43 சதவீதம். கமிஷனான 20 ரூபாய் மீது மட்டும் வரி விழுந்திருந்தால் 8 ரூபாயோடு முடிந்திருக்கும்.

இந்த 43 சதவீதத்தில் உங்கள் 10,000 ரூபாய் நான்காவது ரேஸ் முடிவில் சுமார் 1,070 ரூபாயாகவும், எட்டாவது முடிவில் 114 ரூபாயாகவும் நிற்கும். கூட்டம் நூற்றுக்கு 25 வாய்ப்புக் கொடுக்கும் குதிரை உங்களுக்கு நூற்றுக்கு 44 முறை ஜெயிக்க வேண்டும். வின் பூலில் 57 சதவீதத்துக்கு மேல் பணம் குவிந்த குதிரையோ ஜெயித்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான், டிவிடெண்ட் 1.40-க்குக் கீழே வந்துவிடும். கிளப்பின் கமிஷன் விகிதம் பூலுக்குப் பூல் மாறும் என்பதால், நான் எடுத்துக்கொண்ட 20-க்குப் பதிலாக ரேஸ் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதையும், டிக்கெட்டில் வரி காட்டப்பட்டிருக்கும் விதத்தையும் வைத்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜாக்பாட்டில் ஐந்து ரேஸ்களின் வெற்றிக் குதிரைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தாலும், ஐந்து ரேஸுக்கும் சேர்த்து கமிஷனும் வரியும் ஒரே முறைதான். 140 ரூபாய்க்குச் சராசரியாக 75, நூற்றுக்கு 54. அதையே ஐந்து வின் பந்தயங்களாக, ஜெயித்ததை மறுபடி கட்டிக்கொண்டு போனால் நூற்றுக்கு 6 ரூபாய்தான் மிஞ்சும். விகிதம் கூடுதலாக இருக்கும் பூலே மலிவாக முடிவது இப்படித்தான். மறுபாதியை அவர் சொல்லவில்லை. ரேஸுக்கு இரண்டு குதிரை வைத்தால் 32 டிக்கெட், மூன்று வைத்தால் 243 டிக்கெட். உங்கள் 10,000 எவ்வளவு தூரம் போகும்? அபூர்வமாக விழுந்தாலும், 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட வெற்றித் தொகையில் 30 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். தோற்ற டிக்கெட்டுகளை அந்த வருமானத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆண்டு முழுவதும் ஒரு லட்சம் தோற்று ஒரே நாளில் ஒரு லட்சம் ஜெயித்தவருக்குப் பெருமை மிஞ்சலாம்; கணக்கில் 30,000 ரூபாயும் செஸ்ஸும் குறையும்.

கோர்ஸில் உரிமம் பெற்ற புக்கியிடம் கமிஷன் என்று தனியாக எதுவும் எழுதியிருக்காது. அது விலைக்குள் ஒளிந்திருக்கும். ஐந்து குதிரைகளுக்கு 6-4 (4 ரூபாய் கட்டினால் 6 ரூபாய் லாபம்), 2-1, 4-1, 6-1, 10-1 என்று விலை கொடுத்தால், வாய்ப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 40, 33, 20, 14, 9, மொத்தம் நூற்றுக்குப் பதிலாக 117 வரும். அந்த உபரிதான் அவருடைய பங்கு. கட்டும் பணத்தில் சுமார் 14 சதவீதம். வரி இதற்கு மேல்.

போனில் எடுப்பவரும் இதே உபரியை விலைக்குள் வைத்திருப்பார், வரி மட்டும் இருக்காது. கணக்கில் அது மலிவு என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் உரிமமின்றிப் புக்கிங் எடுப்பது குற்றம், கட்டுபவரும் வழக்கில் சிக்கலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பதால், அவர் தர மறுத்தால் எந்த நீதிமன்றத்திலும் நீங்கள் வசூலிக்க முடியாது. அங்கே கடனும் உண்டு என்பது இன்னும் மோசம். 10,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும் உங்கள் நல்ல பழக்கம் கையில் ரொக்கம் இருப்பதால் வந்தது, போனில் அந்த வேலி இல்லை.

என் யோசனை இது. ரேஸை லாபம் பார்க்கும் தொழிலாக நினைக்காமல், மகள் ஊரில் ஒரு பிற்பகலுக்கான செலவாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ரேஸிலும் கட்டாமல் இரண்டு மூன்றில் நிறுத்தினால் தராசில் பணம் ஏறும் தடவை குறையும், பெரிய ஃபேவரிட்டை விட்டுவிட்டால் ஜெயித்தும் தோற்கும் கொடுமை இருக்காது. கடைப் பேரேடு போல ஒரு சிறு நோட்டில் வரியோடு சேர்த்துக் கட்டியது ஒரு பத்தி, திரும்பி வந்தது ஒரு பத்தி என்று எழுதி வாருங்கள். எப்போதாவது டிடிஎஸ் பிடித்தார்களானால், பான் எண்ணைச் சரியாகக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, அந்தத் தொகை உங்கள் பான் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று ரிட்டர்ன் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.