எலெக்ட்ரிக் கிட்டார் கேள்வி பதில்: முதலில் சுருதியைச் சொல்லுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவது, ட்யூனிங் மாற்றுவது பற்றி டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கீபோர்டு, மிக்ஸர், ரிதம் பேட் கேள்விகளை அந்த வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை: அண்ணே, கையில் 20,000 ரூபாய் இருக்கு. லைட் மியூசிக் குழுவில் வாசிக்க முதல் எலெக்ட்ரிக் கிட்டார். எது வாங்கலாம்?

தம்பி, குழு எந்தச் சுருதியில் வாசிக்கிறது என்று எழுதியிருந்தால் பாதி பதில் அதிலேயே இருந்திருக்கும். ட்யூனிங் முடிவானால் கம்பி கனம் முடிவாகும். கம்பி முடிவானால் எந்த பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகள் மாட்டும் பாகம்) என்பது முடிவாகும். பிராண்டு கடைசியில்தான்.

பாடகருக்காக மேடையிலேயே சுருதி ஏற்றி இறக்கும் குழுவென்றால் ஃப்ளாய்டு ரோஸ் என்ற மிதக்கும் பிரிட்ஜ் வைத்த கிட்டார் பக்கமே போகாதே. அதில் பிரிட்ஜ் மிதந்துகொண்டு நிற்கும்: ஒரு பக்கம் கம்பிகளின் இழுப்பு, மறுபக்கம் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகளின் இழுப்பு. 6ஆம் கம்பியை (தடிமனானதை) இறக்கினால் ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னுக்குச் சாய்க்கும், மற்ற ஐந்து கம்பியும் ஏறிவிடும். ஒவ்வொன்றாகச் சரிசெய்து நாலைந்து சுற்று வரவேண்டும். அதற்கு முன்னால் நட்டில் (கழுத்து முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) இருக்கும் பூட்டையும் சாவி போட்டுத் திறக்கவேண்டும். அடுத்த பாட்டு அதுவரை காத்திருக்காது.

உனக்கு அசையாத பிரிட்ஜ் போதும். பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் சிங்கிள் காயில் என்ற அமைப்பு லைட் மியூசிக்குக்குத் தோது. யமஹா பசிஃபிகா 012 இந்த வகை. அதில் ஆடும் பிரிட்ஜ்தான் இருக்கிறது. ஆனால் பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கினால் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி நின்றுவிடும். 20 ஆயிரத்தையும் கிட்டாரிலேயே கொட்டாதே. கம்பி, கேபிள், செட்டப் கூலிக்கு 3 ஆயிரமாவது ஒதுக்கி வை.

மன்னார்குடி: பழைய கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்கணும் சார்?

ஆம்பில் போடும் முன்பே முக்கால்வாசி தெரிந்துவிடும். 6ஆம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மேடு) ஒரு விரல், கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்து அழுத்துங்கள். நடுவில், 7 அல்லது 8ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.2 மி.மீ. அளவு சந்து இருக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டர் இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. உள்ளே இருக்கும், வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, அது அசைகிறதா என்று பாருங்கள். ஏற்கனவே முடிவு வரை இறுக்கி, இதற்கு மேல் திரும்பாத ராடு என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட் ஒரே சுரம் பேசினால் இரண்டில் பிரிட்ஜ் பக்கத்து ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. வால்யூம் குமிழ் கரகரப்பது சும்மா அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். அதைச் சொல்லி விலை மட்டும் குறையுங்கள்.

வேளாங்கண்ணி: கடல் காற்றில் கம்பி ரெண்டே வாரத்தில் துரு பிடிக்கிறது.

வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு அங்கேதான் தங்கும். பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள், கோட்டிங் போட்ட கம்பி வாங்குங்கள். கம்பியைவிட பிரிட்ஜைக் கவனியுங்கள்: சாடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) இருக்கும் சின்ன ஹெக்ஸ் ஸ்க்ரூ துருவேறி இறுகிவிட்டால் உயரத்தை மாற்றவே முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும்.

கும்பகோணம்: எந்த கிட்டார் பெஸ்ட்?

பட்டுக்கோட்டைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நீடாமங்கலம்: மெட்டல் வாசிக்கிறோம். டிராப் சி வைத்தால் கம்பி கொடி மாதிரி தொங்குது, சுருதியும் நிற்கலை.

கிட்டாரோடு வந்த 9-42 செட்டையே (கம்பி கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 முதல் 42 வரை) வைத்திருப்பீர்கள். ஒரு முழுச்சுரம் இறக்கினால் இழுவிசையில் சுமார் 21 சதவீதம் போய்விடும். 6ஆம் கம்பியை ஈ (E) சுரத்திலிருந்து சி (C) சுரத்துக்கு இறக்கினால் 37 சதவீதம் காலி. அழுத்தி அடித்தால் சுருதி ஏறித் திரும்பி இறங்கும், அதைத்தான் நிற்கவில்லை என்கிறீர்கள். 11-56 செட் போடுங்கள். 6ஆம் கம்பியிலிருந்து 1 வரை ட்யூனிங் சி-ஜி-சி-எஃப்-ஏ-டி.

போட்டதும் வரிசை மாறாமல் செய்யுங்கள். கம்பி நட்டின் பள்ளத்தில் முழுசாக உட்காருகிறதா பாருங்கள். மேலே தொத்திக்கொண்டிருந்தால் நட் அரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், வீட்டு ரம்பத்தால் அறுக்காதீர்கள். அடுத்து கழுத்து வளைவு, அடுத்து 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் (6ஆம் கம்பிக்கு 2 மி.மீ., 1ஆம் கம்பிக்கு 1.5), கடைசியாக இன்டொனேஷன். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். வரிசையைப் புரட்டினால் முதலில் செய்தது வீணாகும்.

புதிதாக வாங்குவதானால் 25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம்) பாருங்கள். 24.75 அங்குலத்தில் அதே கம்பி, அதே சுருதிக்கு இழுவிசை 6 சதவீதம் குறைவு.

தஞ்சாவூர்: நான் வீணை வாசிக்கிறேன். மகன் எலெக்ட்ரிக் கிட்டாரில் ராகம் வாசிக்க ஆசைப்படுகிறான். வீணை மாதிரி ப-ஸ-ப-ஸ சேர்க்க முடியுமா?

நல்ல கேள்வி அம்மா. முடியும். ஸட்ஜத்தை டி (D) சுரத்தில், அதாவது 2 கட்டையில் வையுங்கள். 6ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்குங்கள். 5 ஏ, 4 டி, அப்படியே இருக்கட்டும். 2ஆம் கம்பியை பியிலிருந்து ஏக்கு, 1ஆம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்குங்கள். இப்போது 5, 4, 2, 1 என்ற நாலு கம்பியும் உங்கள் அனுமந்தரம், மந்தரம், பஞ்சமம், சாரணி வரிசைதான்: ப-ஸ-ப-ஸ. 6ஆம் கம்பி கீழ் ஸட்ஜமாக உபரி.

இடைஞ்சல் 3ஆம் கம்பி. அது ஜி, அதாவது சுத்த மத்யமம். ஹரிகாம்போதி, கரகரப்பிரியாவுக்குத் தொந்தரவில்லை. கல்யாணியோ பந்துவராளியோ எடுத்தால், தொடாமலே அதிர்ந்து பிரதி மத்யமத்தோடு மோதும். அதை ஏக்கு ஏற்றி இன்னொரு பஞ்சமமாக்குங்கள். ஆனால் 10-46 செட்டில் இருக்கும் 17 கனத்தை அப்படியே ஏற்றினால் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடும். விரல் நோகும், நட்டருகே அறுந்தாலும் அறும். தனிக்கம்பியாக 14 வாங்கி அந்த இடத்தில் மாட்டுங்கள். கனம் சரியாக இருக்கும்.

மயிலாடுதுறை: அண்ணே, எதுக்கு இந்தச் சுத்து வேலை? ஸ்டாண்டர்டு ட்யூனிங்கிலேயே எல்லா ராகமும் வருமே.

சுரம் வரும். சுருதி வராது. ஸ்டாண்டர்டில் ஈயை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் 5ஆம் கம்பி சுத்த மத்யமம், 4ஆம் கம்பி கைசிகி நிஷாதம், 3ஆம் கம்பி சாதாரண காந்தாரம். கரகரப்பிரியாவுக்கு மூன்றும் பொருந்தும், கல்யாணிக்கு மூன்றும் அன்னியம். ஒவ்வொரு கம்பியையும் உள்ளங்கையால் அடக்கிக்கொண்டே வாசிக்கலாம், வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஸ-ப-வை ஒலிக்கவிட்டு வாசிக்க வேண்டும் என்பதுதான் அந்த அம்மா கேட்டது.

மயிலாடுதுறை: சரி, தோடி காந்தாரத்தை கிட்டாரில் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஃப்ரெட் வாத்தியத்தில் அது வராது.

வீணையும் ஃப்ரெட் வாத்தியம்தான் தம்பி. வராததற்குக் காரணம் நீங்கள் 3ஆம் ஃப்ரெட் காந்தாரத்தில் விரலை வைத்து ஆட்டுவது. இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. ரிஷபத்தில் இருந்து இழுக்கவேண்டும். மேலே சொன்ன ட்யூனிங்கில் 2ஆம் கம்பி 6ஆம் ஃப்ரெட் சுத்த ரிஷபம், அங்கிருந்து நாலு அரைச்சுரம் இழுத்தால் மத்யமம். இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் காந்தாரம் ஊசலாடுகிறது.

நாலு அரைச்சுரம் இழுக்க கிட்டார் இடம் தரவேண்டும், மாடலைப் பார்த்து வாங்குவது இங்கேதான் வேலைக்கு வருகிறது. விரல்பலகை குறுக்கே வளைந்திருக்கும். 7.25 அங்குல ரேடியஸ் கொண்ட பழைய பாணி ஃபெண்டரில் பாதி இழுக்கும்போதே கம்பி அடுத்த ஃப்ரெட்டில் உரசிச் செத்துவிடும். 12 அங்குலமோ அதைவிடத் தட்டையோ வேண்டும், உயரமான ஜம்போ ஃப்ரெட் வேண்டும். கம்பியை ஒரு முழுச்சுரம் இறக்கியிருப்பதும் உதவும்: இழுவிசை குறைவாக இருக்கும்போது அதே சுர ஏற்றத்துக்குக் கம்பி நீளவேண்டிய அளவும் குறைகிறது.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. ஃப்ளாய்டு ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்ற கம்பிகள் இறங்கும். கமகம் போடும்போதெல்லாம் ஸ-ப சுருதி அழும். ராகத்துக்கு அசையாத பிரிட்ஜ் மட்டும்தான்.

தஞ்சாவூர்: ஃப்ரெட்டுக்கு நடுவில் மரத்தைக் குடைந்த கிட்டார் இதற்கென்றே உண்டாமே?

உண்டு. 1970களில் ஷக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்தது அப்படிக் குடைந்த அகூஸ்டிக், சுருதிக்குத் தனிக்கம்பிகளும் அதில் இருந்தன. இழுப்பது சுலபமாகும், ஆனால் கார்டு பிடிக்கும்போது கொஞ்சம் அழுத்தினாலும் சுருதி ஏறும். முதல் கிட்டாரை ஆசாரியிடம் கொடுத்துக் குடையச் சொல்லாதீர்கள் அம்மா. குடைந்த மரம் திரும்ப வராது.

மயிலாடுதுறை: அப்போ சினிமா பாட்டுக்கு கார்டு எப்படிப் பிடிக்கிறது?

அதற்கு இன்னொரு கிட்டார். இத்தோடு இந்தச் சண்டையை விடுவோம்.

நரசிங்கம்பேட்டை: நாகஸ்வரத்தோடு கிட்டார் சேர்த்து ஒரு நிகழ்ச்சி. ட்யூனரில் பச்சை விளக்கு எரியுது, ஆனா சேரலை.

ட்யூனர் ஏ (A) சுரத்தை 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. நாகஸ்வரத்துக்கு அது தெரியாது. சீவாளியைப் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) பொறுத்தும், வாசித்துச் சூடேறிய பிறகும் சுருதி நகரும். நீளமான பாரி நாகஸ்வரத்தில் 2 கட்டை, 2½ கட்டை வழக்கம். வித்வான் பத்து நிமிஷம் வாசித்த பிறகு ஸட்ஜத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். ட்யூனர் 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருப்பதாகக் காட்டினால், அதன் அளவை 445க்கு மாற்றி ஆறு கம்பியையும் அதற்குச் சேருங்கள். நாகஸ்வரம் கிட்டாருக்கு இறங்கி வராது, கிட்டார்தான் போகவேண்டும். டிஸ்டார்ஷன் போட்டால் ஸ-ப மட்டும் வாசியுங்கள். கிட்டாரின் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தைவிட 14 சென்ட் ஏறி நிற்கிறது, டிஸ்டார்ஷனில் அது இரைச்சலாகத் தெரியும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான்.

திருவாரூர்: டிராப் டி (6ஆம் கம்பியை மட்டும் டிக்கு இறக்குவது) வைத்தால் 6ஆம் கம்பி ‘டிங்’ என்று குதித்து இறங்குது.

நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். டிக்குக் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள், மேலிருந்து இறக்கி நிறுத்தினால் நழுவும்.

நாகப்பட்டினம்: ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று இரையுது. எர்த் பின்னை வெட்டினால் நிற்கும் என்கிறார்கள்.

வெட்டவே வெட்டாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்புக்குள் கசிவு ஏற்பட்டு, எர்த்தும் இல்லையென்றால் ஆறு கம்பியிலும் மின்சாரம் நிற்கும். அந்தக் கையோடு மைக்கில் உதடு பட்டால் ஆள் போய்விடுவார். பந்தலில் ஜெனரேட்டர் ஓடும் இடமென்றால், டெஸ்டர் வைத்து மைக்கையும் கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிட்டாரை மாட்டவேண்டும்.

இரைச்சல் கம்பியைத் தொட்டால் குறைகிறதா? அது சாதாரணம்தான், உங்கள் உடம்பும் கிட்டாரின் உள் வயரிங்கும் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைப் பிடிக்கின்றன. டிம்மர் விளக்கு, மலிவு இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். தொட்டாலும் மாறாத இரைச்சல் சிங்கிள் காயிலின் இயல்பு, அதற்கு ஹம்பக்கருக்கு மாறுங்கள். தொட்டால் கூடுகிறதா? வாசிப்பதை நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கும்பகோணம்: அதெல்லாம் சரி சார், பெஸ்ட் கிட்டார் எது?

கட்டை எத்தனை?

கும்பகோணம்: பாடகருக்கு 2½ கட்டை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆறு கம்பியையும் அரைச்சுரம் இறக்குங்கள். உங்கள் டி கார்டு 2½ கட்டைக்குப் போகாது, ஈ கார்டுதான் அங்கே போய் நிற்கும், ஞாபகம் இருக்கட்டும். இழுவிசையில் 11 சதவீதம்தான் குறையும், 10-46 தாங்கும். 25.5 அங்குலம், அசையாத பிரிட்ஜ், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர். இந்த மூன்றும் உள்ள எந்த கிட்டாரையும், மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள்.