சங்குக் காசும் இணையச் சந்தையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பழைய வீடுகளைப் பிரித்து விற்பவர்களிடமிருந்து, சங்குச் சின்னம் பொறித்த திருவிதாங்கூர் சமஸ்தானக் காசுகளை வாங்கி, லாபம் வைத்து இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறேன். 1112 என்று பொறித்த அரை ரூபாய்க் காசு ஒன்றை ‘தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை’ என்று எழுதி விற்பனைக்கு வைத்தேன். ஒருவர் 12,000 ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டு, முதலில் பதிவுக் கட்டணமாக 2,000 அனுப்பச் சொல்கிறார். துபாயிலுள்ள என் மைத்துனரும் சில காசுகளை அனுப்பச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: முதலில் அந்த அறிவிப்பைத் திருத்திவிடுங்கள். 1112 என்பது கொல்லம் ஆண்டு எனும் மலையாள ஆண்டுக் கணக்கு; ஆங்கில ஆண்டில் 1936-37. அந்தக் காசுக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. விவரமறிந்த சேகரிப்பாளர் இந்தப் பிழையைப் பார்த்தால், உங்களிடமுள்ள நல்ல காசையும் சந்தேகத்துடனேயே பார்ப்பார்.

காசு வாங்க வந்தவர் உங்களிடமே காசு கேட்டால், அவர் வாங்க வந்தவர் அல்லர். பழைய காசு, நோட்டு விற்பனையில் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிக்கிறார்கள் என்றும், இத்தகைய வியாபாரத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால், நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

விலை விஷயத்தில், இணையத்தில் பிறர் எழுதிவைத்திருக்கும் தொகையை நம்பிக் கொள்முதல் செய்யாதீர்கள். ஒரு காசுக்கு ஐம்பதாயிரம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம்; அது எத்தனைக்கு விற்றுமுடிந்தது என்பதே கணக்கு. 300 ரூபாய்க்கு வாங்கி 450க்கு விற்றால் 150 லாபம் என்று தோன்றும். தளத்தின் கமிஷன், கூரியர், அட்டைப்பெட்டி ஆகியவற்றைக் கழித்து, பத்தில் ஒரு பொருள் திரும்பிவருவதையும் சேர்த்துப் பார்த்தால், கையில் நிற்பது டீக்காசுதான்.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் பெரிய கேடு ஒன்றுண்டு. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுபோலச் செம்புக் காசையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். பல பத்தாண்டுகளாகப் படிந்த அந்தக் கருமைதான் சேகரிப்பாளர் தேடுவது. அது போனால் விலையில் பெரும்பகுதி போய்விடும். சக்கரம் எனப்படும் திருவிதாங்கூர் வெள்ளிக் காசு வேறு வகைச் சிக்கல். விரல் நகத்தைவிடச் சிறியதான அதை எண்ணுவதற்கென்றே அக்காலத்தில் குழிகள் வெட்டிய சக்கரப்பலகை இருந்தது. படத்தில் அதன் அளவு தெரியாது. ஆகவே அளவுகோலை அருகில் வைத்து இரு பக்கங்களையும் படமெடுங்கள், மில்லிகிராம் தராசில் நிறுத்த எடையையும் எழுதுங்கள். போலிகள் பெரும்பாலும் எடையிலேயே சிக்கிக்கொள்ளும்.

மைத்துனர் கேட்டதற்காகக் கூரியர் கடைக்கு ஓடிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டைக் கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். அத்தகையவற்றை உள்நாட்டில் வியாபாரமாக விற்கவும் உரிமம் தேவை. வீடு பிரிக்கும்போது அஸ்திவாரத்துக்குள் குடத்தோடு காசு கிடைத்ததாக யாராவது கொண்டுவந்தால், வாங்கவே வாங்காதீர்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் சங்கு முத்திரை போட்ட பழைய அஞ்சல் உறைகள் இருக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்து அஞ்சல் தலைகளைப் பிரித்து விற்கலாமா?
- ஒரு வாசகி, குழித்துறை

பதில்: கூடாது. திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் 1888இல் தொடங்கின. அந்த அஞ்சல் துறை 1951இல் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏராளமாக அச்சான சாதாரணத் தலைகளுக்குத் தனியாகப் பெரிய விலை கிடைப்பதில்லை. ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்த முத்திரையோடு உறை முழுதாக இருந்தால்தான் தேடி வருவார்கள். உறைகளை அப்படியே காகிதத்தில் பொதிந்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.