கதிர்வீச்சு சிகிச்சை: பக்கவிளைவை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

கேள்வி: என் தந்தையாருக்குத் தொண்டைப் புற்றுநோய். ஏழு வாரங்கள் கதிர்வீச்சு கொடுக்கவிருக்கிறார்கள். மருத்துவர் வளைகோடுகள் நிறைந்த ஒரு வரைபடத்தைக் காட்டி, பிற்பாடு வாய் வறண்டுபோகும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்றார். சிகிச்சை தொடங்குமுன் அது எப்படித் தெரியும்? நம்பலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஒவ்வோர் உறுப்பிலும் எவ்வளவு பகுதி எத்தனை கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கதிரைப் பெறும் என்பதைக் காட்டுவதே அந்த வரைபடம். ஸ்கேன் படத்தில் உறுப்புகளின் எல்லைகளை வரைந்து, கதிர்கள் வரும் கோணங்களைக் கணினியில் அமைத்து, அதை முன்பே தயாரித்துவிடுகிறார்கள். பிறகு, இத்தகைய அளவுகளைப் பெற்ற முந்தைய நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதோடு ஒப்பிட்டு வாய்ப்பைக் கணிக்கிறார்கள்.

உறுப்புக்கு உறுப்பு கணக்கு மாறும். தண்டுவடம் சங்கிலியைப் போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலே அதற்குக் கீழுள்ளவை செயலிழக்கக்கூடும் என்பதால், அங்கே உச்ச அளவையே கவனிக்கிறார்கள். வழக்கமான சிறு தவணைகளில் 50 கிரே பெற்றால் தண்டுவடப் பாதிப்பு 0.2 சதவீதம், 60 கிரே பெற்றால் 6 சதவீதம் என்று உறுப்புகள் தாங்கும் கதிர் அளவு குறித்த ஆய்வுகளைத் திரட்டி 2010-இல் வெளியான குவான்டெக் தொகுப்பு மதிப்பிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பி அப்படியன்று. ஒரு பகுதி வாடினாலும் மறு பகுதி சுரக்கும் என்பதால், அங்கே சராசரி அளவே முக்கியம். காதுகளை ஒட்டிய இரு பெரிய சுரப்பிகளின் சராசரி 25 கிரேக்குள்ளோ, அவற்றில் ஒன்றின் சராசரியாவது 20 கிரேக்குள்ளோ இருந்தால், கடுமையான வறட்சியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்கிறது அதே தொகுப்பு.

நம்பலாம், ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, தங்கள் தந்தையாருக்கென்று எழுதிய தீர்ப்பு அன்று. மேலும், வாரங்கள் செல்லச் செல்ல உடல் மெலிவதும், சுரப்பிகள் சுருங்கி உள்நோக்கி நகர்வதும் உண்டு. அப்போது அவை உண்மையில் பெறும் கதிர் திட்டத்திலிருந்து விலகக்கூடும். ஆகவே, எடை குறைந்தாலோ, சிகிச்சையின்போது தலை அசையாமலிருக்க அணிவிக்கும் முகக்கவசம் தளர்ந்தாலோ மறுபடி ஸ்கேன் எடுப்பார்களா என்று தயங்காமல் கேளுங்கள். இரு சுரப்பிகளின் சராசரி அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி சுரப்பியை ஒட்டியிருந்தால், அதைக் காப்பதற்காகக் கட்டிக்குரிய கதிரைக் குறைப்பது நோய் திரும்ப வழிவிடும். அந்நிலையில் ஓரளவு வறட்சியை ஏற்றுக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று அவசரம்: சிகிச்சை தொடங்குமுன் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும். கதிர்பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். ஆகவே, எடுக்க வேண்டிய பற்களை இப்போதே எடுத்து, அந்தப் புண் ஆறிய பிறகு கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும்.