காலையிலேயே கிளம்புவது ஏன் முக்கியம்?

கே: நாங்கள் எட்டுப் பேர், மகாராஷ்டிராவின் கோலாடில் ராஃப்டிங் (வேகமான ஆற்றில் ரப்பர் படகுப் பயணம்) போகிறோம். மூவருக்கு நீச்சல் தெரியாது. பயப்பட வேண்டுமா? மதியத்துக்கு மேல் கிளம்பலாமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

ப: மதியம் வேண்டாம். கோலாடில் நீங்கள் இறங்கப்போகும் குண்டலிகா ஆற்றின் வேகமே பீரா நீர்மின் நிலையத்திலிருந்து வரும் தண்ணீரால்தான். அதைக் காலையில் திறந்து விடுகிறார்கள். தாமதமானால் பாறைதான் மிஞ்சும். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள்.

நீச்சலைவிட லைஃப் ஜாக்கெட்தான் முக்கியம். அளவு பார்த்து வாங்கி, எல்லா பக்கிளையும் மாட்டி, பட்டிகளைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு ஒருவரை விட்டு இரு தோள்பட்டிகளையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரில் முகத்தை மூடிவிடும், வேறு கேளுங்கள். சங்கடப்படவே வேண்டாம்.

துடுப்பின் மேல்முனையில் உள்ள 'டி' பிடியை உள்ளங்கையால் எப்போதும் மூடியே வைத்திருங்கள். அலையில் கை நழுவினால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் இடிக்கும்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் நீரோட்டம் உடம்பை முன்னால் அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத் திசையில் நீட்டி, கால்விரல் நுனி வெளியே தெரிய மிதந்து வாருங்கள். உங்களை மீட்க வீசும் கயிற்றை நெஞ்சோடு பிடியுங்கள். கையில் சுற்றவே கூடாது.

ஜீன்ஸும் ரப்பர் செருப்பும் வேண்டாம். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். ஒத்திகை காட்டாமல் படகை இறக்கும் வழிகாட்டியோடு ஏறாதீர்கள்.